மூன்றாம் வகுப்பு கட்டிய பாலம்

1

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததல்ல. என் தங்கையிடமிருந்து பறித்தது. அவள் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. வார விடுமுறையில் துணி மடித்துக்கொண்டே என்னோடு போனில் பேசுவாள். பருவம் முழுக்க அவளுடைய வகுப்பில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். நானும் வேறு வேலை பார்த்துக்கொண்டே 'உம்' கொட்டினேன். ஒருநாள், "பாலத்துல நான் ஒரு வேலை பண்ணிட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் பேச்சை நிறுத்தினாள். அப்போதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். (எழுதுகிறவர்களின் கெட்ட புத்தி இது. கூடப் பிறந்தவள் தடுமாறினால் ஆறுதல் சொல்வதற்கு முன் காகிதத்தைத் தேடுவோம்.)

முதலில் எழுதிய தொடக்கம் இப்படி இருந்தது: 'வகுப்பறையின் சன்னல் வழியே பொன்னிற வெயில் வழிந்து…'

படித்துக் காட்டியதும் சிரித்தாள். "எங்க கிளாஸுக்கு வெயிலே வராது. சன்னலை மறைச்சுத் தண்ணித் தொட்டி நிக்குது."

ஆகவே, வெயில் இல்லை. தண்ணீர்த் தொட்டி. மேலே போவோம்.

2

பருவத் தொடக்கத்தில் வாசிப்புப் பாடத்தில் ஓர் ஆறு வந்தது. ஆற்றின் மேல் ஒரு பாலம் வந்தது. "நாமளும் ஒண்ணு கட்டலாமா டீச்சர்?" என்று கேட்டான் வகுப்பிலேயே உயரமானவன். ஒட்டகம் என்று கூப்பிட்டால் அவனே முதலில் திரும்புவான். என் தங்கை வாய் தவறிச் சரி என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பழைய செய்தித்தாள்கள் வந்து சேர்ந்தன. பிள்ளைகள் அவற்றைப் பென்சிலில் இறுக்கிச் சுற்றிப் பசை போட்டுக் குழாய்களாக்கினார்கள். அளவுகோல் பிடிக்கத் தெரியாதவர்கள் குழாய்களை ஒரே நீளத்துக்கு வெட்டப் பழகினார்கள். கூட்டல் கழித்தல் அதிலேயே வந்தது. ஒவ்வொரு குழாயையும் தராசில் வைத்து எடை பார்த்தார்கள். கொஞ்ச நாளில் கையில் தூக்கியே எது கனம், எது லேசு என்று சொன்னார்கள். கட்டியது விழுந்தால், ஏன் விழுந்தது என்று ஆளுக்கு நான்கு வரி எழுத வேண்டும். விழுந்துகொண்டே இருந்ததால் எல்லோருக்கும் கையெழுத்து திருந்தியது.

பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்து, "கணக்குப் பாடம் எப்போ நடத்துவீங்க?" என்றார்.

"இதுதாங்க கணக்கு."

அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு இரண்டு பிரிவுகள். மெதுவாகப் படிக்கிறவர்கள் என்று ஒதுக்கிய பிள்ளைகள் எல்லாம் என் தங்கையின் பிரிவில் இருந்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் ஆசிரியர் அறையில் அவள் நுழைந்தால், 'பாவம்' என்பதுபோல ஒரு பார்வை வரும். அவளுக்கு அது ஆகாது. பருவ இறுதியில் பெற்றோர் கூடும் நாளில் மற்ற வகுப்புகள் ஆடிப் பாடும்போது, தன் வகுப்பின் பாலம் மேடையில் நிற்க வேண்டும் என்று மனத்துக்குள் வரிந்து கட்டிக்கொண்டாள்.

3

இங்கே ஒரு சந்தேகம். சுண்டெலியை நீங்கள் நம்புவீர்களா?

வகுப்பிலேயே சிறியவள், அதனால் அந்தப் பெயர். நாற்கரமாக ஒட்டிய சட்டம் ஏன் சாய்கிறது, முக்கோணம் ஏன் சாய்வதில்லை என்று கண்டுபிடித்தவள் அவள்தான். நான் எழுதியிருந்தது: '"முக்கோணமே உறுதியான வடிவம்" என்றாள் சிறுமி.'

"எட்டு வயசுப் பிள்ளை அப்படியா பேசும்?" என்றாள் தங்கை.

"அப்ப என்னதான் சொன்னா?"

"'கட்டம் கொழகொழன்னு வளையுது டீச்சர், முக்கோணம் முறைக்குது'ன்னா."

என் வரியை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் மேலே விட்டுவைத்திருக்கிறேன்.

4

பெற்றோர் வருவதற்கு முதல் நாள், கடைசிப் பாட வேளை. இரண்டு மேசைகளுக்கு நடுவே பாலத்தை வைத்து மணல் மூட்டையை ஏற்றினார்கள். நடுவில் முறிந்து மூட்டை தரையில் விழுந்தது.

பிள்ளைகள் அழவில்லை. மணி அடிப்பதற்குள் புதிய குழாய்கள் சுற்றி மாற்றினார்கள். சோதித்துப் பார்க்க நேரமில்லை.

(இதற்குப் பின் வருவதை எழுத வேண்டாம் என்று என் தங்கை கேட்டுக்கொண்டாள். அவளுக்காக நான் எழுதிய வடிவம்: 'பாலத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் நிம்மதியாக வீட்டுக்குப்…' முடிக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "எழுதிக்கோ. இல்லேன்னா பிள்ளைங்க செஞ்சது யாருக்கும் புரியாது.")

எல்லோரும் போனபின் மாடிப்படிக்கு அடியில் கிடந்த இரண்டு திரைச்சீலைக் கம்பிகளை எடுத்து வந்தாள். அடிப்பக்கத்துக் குழாய்களுக்குள் செருகினாள். முனைகளில் காகிதம் ஒட்டி மறைத்தாள்.

5

காலையில் பாலத்தைக் கூடத்துக்குக் கொண்டுபோக ஒட்டகம் ஒரு பக்கமும் சுண்டெலி ஒரு பக்கமும் பிடித்தார்கள். தூக்கியவர்கள் உடனே கீழே வைத்தார்கள்.

"கனமா இருக்கு டீச்சர்," என்றாள் சுண்டெலி.

"ராத்திரி ஈரம் பட்டிருக்கும்."

ஒட்டகம் குனிந்து குழாயை அழுத்திப் பார்த்தான். "ஈரம் பட்டா தொய்யும் டீச்சர். இது வெறைப்பா இருக்கு."

ஏமாற்ற முடியாத பிள்ளைகளாக அவர்களை ஆக்கியது என் தங்கையேதான். ஒட்டகம் முனையைக் கிழித்துக் கம்பியை உருவினான். வகுப்பே அதைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது.

"நான்தான் வச்சேன்," என்றாள். "எல்லார் முன்னாடியும் உடைஞ்சிடுமோன்னு பயமா இருந்துச்சு."

"எங்களக் கேட்டிருக்கலாம்ல," என்றாள் சுண்டெலி. கோபமாக அல்ல, தோழியைக் கேட்பதுபோல.

அதற்குமேல் யாரும் அதைப் பேசவில்லை. இரண்டாவது கம்பியும் வெளியே வந்தது. எங்கே இரட்டைக் குழாய் போடுவது, எங்கே இன்னொரு முக்கோணம் வைப்பது என்று அவர்களுக்குள் வாக்குவாதம் தொடங்கியது. என் தங்கை பசையை எடுக்கப் போனாள்.

"நீங்க உக்காருங்க டீச்சர். நாங்க பாத்துக்கறோம்."

அவள் பின்வரிசைக் குட்டி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். அளந்தார்கள், வெட்டினார்கள், ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தினார்கள். ஒருவர்கூட அவள் பக்கம் திரும்பவில்லை. "அக்கா, எனக்கு அங்கேயே நெஞ்சு நிறைஞ்சுபோச்சு," என்றாள் என்னிடம். "அதுக்கப்புறம் அது நின்னாலும் சரி, விழுந்தாலும் சரின்னு தோணிடுச்சு."

6

கூடத்தில் பாலம் மணல் மூட்டையைத் தாங்கியது. பிறகு சுண்டெலி ஏறி இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாள். தையல் நிலையத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்த அவளுடைய அம்மா எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்களுக்கு மறைக்கிறது என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. பக்கத்து வகுப்பு ஆசிரியைதான் முதலில் கை தட்டினார்.

அப்போது தலைமை ஆசிரியை மேடைக்கு வந்தார். நல்ல கனத்த ஆகிருதி. பாலத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"நான் ஏறலாமா?"

என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன. ஒன்றில் பாலம் தாங்குகிறது, கூடமே அதிர்கிறது. இன்னொன்றில் முறிகிறது, பிள்ளைகள் ஓடிவந்து, அவரை என் தங்கையிடம் விட்டுவிட்டு, எந்த இடத்தில் முறிந்தது என்று தரையில் கவிழ்ந்து பார்க்கிறார்கள். இரண்டில் ஒன்று உண்மையில் நடந்தது. எது என்று தங்கை சொல்லிவிட்டாள். நான் சொல்லப்போவதில்லை. இரண்டுக்கும் அவள் முகம் ஒரேபோலத்தான் இருந்திருக்கும்.

தலைமை ஆசிரியை செருப்பைக் கழற்றினார். சுண்டெலியைப் பார்த்து, "உள்ள எதாவது கம்பி கிம்பி வச்சிருக்கீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

என் தங்கை சட்டென்று சுண்டெலியின் பக்கம் திரும்பினாள்.

"இல்ல டீச்சர்," என்றாள் சுண்டெலி, தலையை நிமிர்த்தி. "வெறும் பேப்பர்தான்."

தலைமை ஆசிரியை காலைத் தூக்கினார். நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். அந்தக் காலை இறக்கி வைக்க வேண்டியவர் நீங்கள்தான்.