மணிக்கட்டுக்கு எதை மாட்டுவது

1

இந்தக் கதை ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கிடைத்தது. நான் ஷூ வாங்கப் போயிருந்தேன். ஒரு பெண் இரண்டு கைகளிலும் மணிக்கட்டுப் பட்டை மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து வேண்டுமென்றே தரையில் குப்புற விழுந்தாள். எழுந்து கையை உதறிவிட்டு, அடுத்த பட்டையைக் கேட்டாள். கடைக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் கண்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் புளுகு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘காற்று அவள் கூந்தலை—’

(அடித்துவிட்டேன். ஹெல்மெட்டுக்குள் என்ன காற்று, என்ன கூந்தல்.)

மறுபடியும். அவள் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுகிறவள். அதில் கைப்பிடி கிடையாது. விழும்போது பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. பின்னால் சரிந்தால் இடுப்பெலும்பு அடியை வாங்கிக்கொள்ளும். முன்னால் சரிந்தால் நாலு எட்டு ஓடித் தப்பிக்கலாம். வேகத்தில் விழுந்தால் உள்ளங்கைதான் முதலில் தரையைத் தொடும். பெடலின் பற்கள் காலைக் கிழிக்காமலிருக்க ஒரு உறை, முழங்காலுக்கு ஒன்று, தலைக்கு ஹெல்மெட். இவற்றையெல்லாம் மளமளவென்று எடுத்து வைத்துவிட்டாள். மணிக்கட்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

ஏன் நின்றது? அவளை வங்கி ஊழியராக எழுதிப் பார்த்தேன். வங்கியில் கை உடைந்தால் லீவு கிடைக்கும், கதை கிடைக்காது. ஆகவே அவளுக்குக் காது கேளாத ஒரு கணவனைக் கொடுத்தேன். வெல்டர். அந்த வீட்டில் சண்டை, சமாதானம், கிண்டல் எல்லாமே கைச் சைகையால்தான். போன வருஷம் ஓர் இறக்கத்தில் விழுந்து அவள் வலது கை உடைந்தது. கட்டுப் போட்ட புதிதில் இடது கையால் அரைகுறையாகப் பேசினாள். பிறகு அதுவும் அலுத்துப்போய், கட்டுப் பிரிக்கும்வரை இருவரும் தலையாட்டியே காலம் தள்ளினார்கள்.

3

கடையில் அவனும் கூட நிற்கிறான். அவன் எடுத்துக் கொடுத்தது கனத்த பட்டை. உள்ளும் புறமும் பிளாஸ்டிக் தகடு. மாட்டினால் மணிக்கட்டு அசையாது. அவளுக்குப் பிடித்தது மெல்லிய கையுறை. உள்ளங்கையில் மட்டும் சின்னத் தகடு. கை இஷ்டத்துக்குத் திரும்பும். கையுறையோடு விழுந்தபோது சுருக்கென்றது. அதை அவள் அவனிடம் சொல்லவில்லை. (என்னிடமும் சொல்லியிருக்க மாட்டாள், நான் எழுதுகிறவன் என்பதால் தெரியும்.) கனத்த பட்டையோடு விழுந்தபோது ஒன்றுமே தெரியவில்லை.

அப்புறமும் கையுறைதான் வேண்டும் என்று வாதாடத் தொடங்கினாள். கையில் கனத்த பட்டை இருப்பதை மறந்துவிட்டாள். வாயில் சோற்றை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல வார்த்தைகள் பாதி பாதியாக வந்தன. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். கல்யாணமான நாளாக ஒரு வாதத்திலும் ஜெயிக்காதவன் அவன். அவள் பட்டையைப் பிய்த்துப் போட்டாள்.

“இதைப் போட்டுக்கிட்டு உன்கிட்ட எப்படிப் பேசுறது?”*

“ரோட்டுல பேச வேணாம். வீட்டுல பேசினாப் போதும்.” அவன் சிரிப்பு அடங்கிவிட்டது. “நீ கட்டோட உக்காந்திருந்தப்போ எனக்குப் பேச ஆளே இல்ல. இன்னொரு தடவை அப்படி இருக்க என்னால முடியாது.”

“அப்போ ஓட்டாதேன்னு சொல்லிடு.”

“அதைச் சொல்லமாட்டேன்.”

எனக்கு அவன்மேல் பிரியம் வந்தது இந்த இடத்தில்தான். கடைக்காரர் குறுக்கே வந்து ஏதாவது தத்துவம் சொல்லுவார் என்று நீங்கள் எதிர்பார்த்தால், இல்லை; அவர் இரண்டு ஜோடிக்கும் பில் போட்டார்.

* அவர்கள் சைகையில் ‘நீ’, ‘நீங்க’ என்ற பேதம் கிடையாது. மரியாதைக் குறைவு இருந்தால் அது என்னுடையது.

4

அதே இறக்கம். முடிவை இரண்டு விதமாக எழுதினேன்.

கனத்த பட்டையோடு விழுகிறாள். கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடி வருகிறவனிடம் ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்று சொல்லப் பார்க்கிறாள், கை மடங்கவில்லை. அவன் கண்ணுக்கு அது உடைந்த கையாகவே—

(வேண்டாம். அவனை இப்படிப் பதற வைக்க எனக்கு மனமில்லை.)

கையுறையோடு விழுகிறாள். ‘எனக்கு ஒண்ணுமில்ல’ என்று அழகாகச் சொல்லிவிட்டு, அந்தக் கையைத் தொங்க—

(இதுவும் வேண்டாம்.)

5

அவள் ஏறிவிட்டாள். கால் பெடலில், இரண்டு கைகளும் விரிந்து காற்றில். இறக்கத்தின் அடியில் அவன். அவன் சக்கரத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்க்கிறான். வேகம் கூடுகிறது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். எத்தனை பெரிய சண்டையிலும் அந்த வீட்டில் யாரும் செய்யாத காரியம் அது. கண்ணை மூடினால் எதிராளியின் பேச்சு நின்றுபோகும். அவளும் அதைப் பார்த்துவிட்டாள். அவள் கண் ரோட்டில் இல்லை. சக்கரம் ஒரு கல்லில் ஏறியது.

இப்போது அவள் உள்ளங்கைகளுக்கும் தாருக்கும் நடுவே ஒரு சாண் இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, நான் இதற்குமேல் எழுதப்போவதில்லை. எழுதாதவரை இரண்டு கைகளும் முழுசாக இருக்கும். ஆனால் அவன் அவ்வளவு நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்க முடியாது. அவள் கையில் எதை மாட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்து, அவளைக் கீழே வையுங்கள்.

கொஞ்சம் மெதுவாக வையுங்கள்.