இரண்டுக்கும் சரிங்க

மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டு, வேலூர் ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் கிடந்துவிட்டு ஆரணிக்குத் திரும்பியபோது முருகேசனிடம் ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது. சரிங்க. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலும் சரிங்க. ஃபேனை நிறுத்தட்டுமா என்றாலும் சரிங்க. காலைப் பிடித்து மடக்கும்போது வலியில் முகம் கோணிக்கொள்ளும், கண்ணில் நீர் முட்டும், வாயிலிருந்து வருவது அதே சரிங்கதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் கற்பகத்திடம் ஒருநாளும் ‘ங்க’ போட்டுப் பேசாத மனுஷர் அவர்.

தலையாட்டலையும் நம்ப முடியவில்லை. வேண்டாம் என்று நினைத்தாலும் தலை மேலும் கீழுமாகத்தான் ஆடியது. வலது கை விழுந்துவிட்டது. இடது கையில் பென்சிலைக் கொடுத்தால் கோடுகள் வந்தன, எழுத்து வரவில்லை. “அவருக்கு எல்லாம் தெரியும்மா. நினைக்கிறதும் சரியாத்தான் நினைப்பார். அது வெளியே வர்ற வழிதான் அடைச்சிருக்கு” என்று சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார்.

சேத்துப்பட்டு ரோட்டில், வீட்டை ஒட்டினாற்போல் அவர்களுடைய எஞ்சின் பட்டறை. டிராக்டர், வேன், மினி லாரி என்று வருகிற எஞ்சின்களைப் பிரித்துக் கட்டுகிற இடம். கற்பகம் பட்டு நெசவுக் குடும்பத்துப் பெண். பதினைந்து வருடமாக அவருக்குப் பக்கத்தில் நின்று வால்வு தேய்ப்பாள், மைக்ரோமீட்டர் பிடித்து அளவு சொல்வாள், போல்ட்டுகளை வரிசை பார்த்து முறுக்குவாள். எதைப் போடுவது, எதைத் தூக்கி எறிவது என்பதை மட்டும் முருகேசன் முடிவு செய்வார். அப்படிப் பிரித்துக்கொண்டதில் இருவருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை.

அவர் விழுந்தபோது ஸ்டாண்டில் மாட்டியிருந்தது இளஞ்செழியனுடைய எஞ்சின். இளஞ்செழியன் படவேட்டுக்காரன். அவன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வாழைத்தோட்டத்தில் கூலிக்குப் போனவர்கள். அவன் டிப்ளமோ முடித்து, ஒரு தனியார் கல்லூரியில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்து ஒன்பது வருடமாகிறது. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுவிட்டு ஒரு பழைய ஜீப்பைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று அவன் அம்மா எல்லோரிடமும் சொல்வாள். செங்குத்தான மண்மேட்டில் ஜீப்பை ஏற்றுகிற போட்டிகளுக்குப் போவான். அதற்காகவே சென்னை புதுப்பேட்டையில் ஏதோ வெளிநாட்டு வண்டியிலிருந்து கழற்றிய எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வாங்கி வந்து, அதை முறுக்கேற்றித் தரும்படி முருகேசனிடம் விட்டிருந்தான்.

எஞ்சினுக்குள் பிஸ்டனை ஆட்டுகிற கிராங்கும், வால்வைத் திறந்து மூடுகிற கேமும் ஒரு பல் பிசகாமல் சேர்ந்து சுற்ற வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கட்டுவது ஒன்று செயினாக இருக்கும், இல்லையென்றால் கியராக இருக்கும். செயின் சத்தமில்லாமல் ஓடும், கிராங்கின் அதிர்ச்சியைக் கொஞ்சம் தானே வாங்கிக்கொள்ளும். ஆனால் ஓட ஓட நீளும், நீண்டால் கேம் பின்தங்கும். கியர் நீளாது, கடைசிவரை அளவு தப்பாது. ஆனால் ஊளையிடும், கிராங்கின் ஒவ்வொரு உதறலையும் அப்படியே கேமுக்குக் கொண்டுபோகும். செயின் அறுந்தாலும் கியர்ப் பல் உடைந்தாலும் வால்வு போய் பிஸ்டனில் இடிக்கும், எஞ்சின் அதோடு முடிந்தது. போன வருடப் போட்டியில் இளஞ்செழியனின் பழைய எஞ்சினில் செயின் ஒரு பல் தாண்டி, பாதி மேட்டில் வண்டி நின்றுபோனது. இந்த முறை செயின் செட் ஒன்று, கியர் செட் ஒன்று என்று இரண்டையும் வரவழைத்துப் பட்டறையில் வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை முருகேசன் அவனுக்குப் போன் போட்டார். “முடிவு பண்ணிட்டேம்பா. ஞாயித்துக்கெழம வா, நேர்ல சொல்றேன்.” பக்கத்தில் நின்று பிஸ்டன் கழுவிக்கொண்டிருந்த கற்பகம், என்ன முடிவு என்று கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெரியப்போகிறது என்று விட்டுவிட்டாள். சனிக்கிழமை காலை பல் விளக்கப் போனவர் குழாயடியில் சரிந்தார்.

போட்டிக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது இளஞ்செழியன் வந்தான். முருகேசனின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு வெளியே வந்து தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. அண்ணன் முடிவு பண்ணிட்டேன்னு சொன்னாரு. உங்களாண்ட ஏதாச்சும் சொன்னாரா?”

“ஒண்ணும் சொல்லலப்பா.”

“எழுதி கிழுதி வச்சிருப்பாரா?”

“அவரு என்னிக்கி எழுதி வச்சாரு? எல்லாம் தலையிலதான்.”

மறுநாள் மதியம் கற்பகம் அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். பக்கத்துக் கட்டடத்தில் பவர்லூம் ஓடுகிறது. சாப்பாட்டுக்குத் தறி நிற்கிற அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பட்டறையில் மெதுவாகப் பேசினால் காதில் விழும். எஞ்சினுக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தி, கியர் செட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“இதாங்க?”

“சரிங்க.”

அதை எடுத்துவிட்டுச் செயினை வைத்தாள். “இல்ல, இதா?”

“சரிங்க.”

“ரெண்டுக்கும் சரின்னா எப்படிங்க? நல்லா பாருங்க. இளஞ்செழியன் எஞ்சினு. எத போடணும்? கையால தொட்டுக் காட்டுங்க, போதும்.”

முருகேசன் இடது கையை நீட்டினார். கியரையும் தொடவில்லை, செயினையும் தொடவில்லை. எஞ்சினின் அடிப்பக்கம், கிராங்கைத் தாங்குகிற பேரிங் மூடிகளைத் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று தட்டிக்கொண்டே போனார். மூடிகள் சரியாக முறுக்கப்படவில்லை என்கிறாரோ என்று நினைத்து, கற்பகம் அவர் கண் முன்னாலேயே ஒவ்வொரு போல்ட்டாகச் சோதித்தாள். எல்லாம் சரியாக இருந்தன. அவர் மறுபடியும் அங்கேயே தட்டினார். “சரிங்க, சரிங்க, சரிங்க” என்று குரல் ஏறிக்கொண்டே போய்க் கத்தலாக மாறியது. மடியிலிருந்த செயினை இடது கையால் தள்ளிவிட்டார். அப்படியானால் கியர்தான் என்று அவள் கியரை எடுத்து வைத்தாள். அதையும் தள்ளிவிட்டார். பிறகு அழுதார். தறி மறுபடியும் ஓட ஆரம்பித்துவிட்டது. கற்பகம் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நாலு நாள் விடாமல் இதே மாதிரி நடந்தது. ஐந்தாம் நாள் பட்டறை வாசலைப் பார்த்ததும் அவர் நாற்காலிச் சக்கரத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்புறம் அவள் கூட்டிவரவில்லை.

அவளே மாட்டிப் பார்த்தாள். முதலில் செயின். புதுச் செயின் விறைப்பாக உட்கார வேண்டும், இது விரலால் அழுத்தினால் தொய்ந்தது. கழற்றிவிட்டுக் கியரை மாட்டினாள். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். மிக மெல்லிய தகட்டைக்கூட நுழைக்க முடியவில்லை, கையால் சுற்றினால் இறுகிச் சுற்றியது. ஒன்று தொளதொளவென்று, ஒன்று பிடித்துக்கொண்டு. ஒரே எஞ்சினில் இரண்டும் எப்படித் தப்பாகும்? தன் கை தப்பா, வந்த சாமான் தப்பா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சென்னையில் முருகேசனுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குப் போன் செய்தாள். “கியர் புதுசுதானேம்மா, கொஞ்சம் ஓடுனா தானா செட்டாயிடும்” என்று அவர் வைத்துவிட்டார்.

இளஞ்செழியனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். “எனக்கு மனசு ஒப்பல. இந்த வாட்டி போவாத. அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

“பேரு குடுத்துட்டேங்கா. காலேஜ்ல லீவு சொல்லிட்டேன். எங்கூர்ல பாதிப் பேரு வந்து பாக்கப்போறாங்க.” செயினை எடுத்து ஓரமாக வைத்தான். “செயின் வாணாங்கா. போன வாட்டி பட்டது போதும். கியரே போடுங்க. இன்னா ஆனாலும் உங்கள ஒரு வார்த்த கேக்கமாட்டேன்.”

கற்பகம் கியரைப் போட்டாள். ஒரு மதியம் தறி நின்றபோது ஸ்டார்ட் செய்து பார்த்தார்கள். கியர் ஊளையிட்டது. ஊளையிடும் என்று தெரியும், ஆனால் எவ்வளவு இட வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. வீட்டுக்குள் படுத்திருந்த முருகேசனுக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. கூட இருந்த நாத்தனார் ரேணுகாம்பாள் ஓடிவந்து, “அண்ணன் கட்டில்லேந்து எறங்கப் பாக்குது அண்ணி, புடிக்க முடியல” என்றாள். கற்பகம் போய்ப் பார்த்தபோது அவர் பாதி உடம்பு தொங்கிக்கொண்டிருக்க, வாசல் பக்கம் கையை நீட்டி “சரிங்க” என்றார். தூக்கிப் படுக்க வைத்தாள். அவருக்கு வெளியே வந்து பார்க்க ஆசை என்று நினைத்துக்கொண்டாள்.

போட்டி படவேட்டுக்கு அப்பால், மலையடிவாரத்தில் ஒரு தனியார் நிலத்தில் நடந்தது. கற்பகமும் போயிருந்தாள். கயிறு கட்டிய இடத்துக்கு இந்தப் பக்கம் இளஞ்செழியனின் அம்மா கன்னியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் சுற்றில் ஜீப் ஒரே மூச்சில் மேட்டின் உச்சிக்கு ஏறியது. ஊர்க்காரர்கள் விசில் அடித்தார்கள். இளஞ்செழியன் கீழே வந்து தூரத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். அவள் அவனைக் கூப்பிட்டு எஞ்சினை ஒருமுறை தொட்டுப் பார்க்க நினைத்தாள். கயிற்றைத் தாண்ட ஆட்கள் விடவில்லை.

இரண்டாம் சுற்றில் பாதி மேடு ஏறும்போது ஊளை மாறியது. அவ்வளவு கூட்டத்தில் அது அவள் ஒருத்தி காதில்தான் விழுந்தது. சீராக வந்துகொண்டிருந்த சத்தத்துக்கு அடியில் எதையோ அரைக்கிற மாதிரி இன்னொரு சத்தம். “நிறுத்து, நிறுத்து” என்று கத்தினாள். ஒலிபெருக்கியில் யாரோ இளஞ்செழியன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் கத்துவதை உற்சாகம் என்று நினைத்துக் கன்னியம்மாவும் சேர்ந்து கத்தினாள். அதற்குப் பிறகு எண்ணி நாலு நொடி. இரும்பு வெடிக்கிற சத்தம், அப்புறம் சத்தமே இல்லை. எஞ்சின் நின்ற ஜீப் ஒரு கணம் மேட்டில் தொங்கிக்கொண்டு நின்றது. பின்னோக்கிச் சரிந்து, பக்கவாட்டில் திரும்பி, இரண்டு முறை உருண்டது.

இளஞ்செழியன் பிழைத்துக்கொண்டான். வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, இடுப்பெலும்பில் ஒரு விரிசல். ஆறு மாதம் கால் ஊன்றக் கூடாது என்றார்கள்.

நொறுங்கிய எஞ்சினைக் கற்பகம் வேலூரில் லேத் வைத்திருக்கிற கந்தசாமியிடம் கொண்டுபோனாள். முருகேசனை நன்றாகத் தெரிந்த பெரியவர் அவர். கியரில் பதினேழு பல் இல்லை. கந்தசாமி ஒரு மணி நேரம் அளந்தார். பேரிங் மூடிகளுக்குள் கிராங்க் உட்காருகிற குழிகளை யாரோ முன்னமே கடைந்திருக்கிறார்கள் என்றார். அப்படிக் கடையும்போது கிராங்க் மேலேறி, கேமுக்கு நெருங்கி வந்துவிட்டது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு.

“இதுல கம்பெனி அளவுல எது போட்டாலும் நிக்காதும்மா. செயின் தொங்கும், கியர் இறுகும். இதுக்குன்னே நீளம் கம்மியா செயின் வருது, அத்த வரவழைச்சிருக்கணும். முருகேசன் கண்ணுல இது பட்டிருக்குமே. அவன் இன்னா சொன்னான்?”

கற்பகத்துக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பேரிங் மூடிகளை அவர் ஒவ்வொன்றாகத் தட்டியது, செயினைத் தள்ளியது, கியரைத் தள்ளியது, கட்டிலிலிருந்து இறங்கப் பார்த்தது. நாலு நாள், தினமும் முக்கால் மணி நேரம், இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் சொன்னார், அவள் போல்ட்டை முறுக்கிப் பார்த்தாள். கந்தசாமியின் கடையில் இருந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்துவிட்டாள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இளஞ்செழியனிடம் போய்ச் சொன்னாள். காலில் கம்பி செருகிப் படுத்திருந்தவன் கூரையைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டு முடித்தான். “ஒரு வார்த்த கேக்கமாட்டேன்னு சொல்லிட்டேனே அக்கா” என்றான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னியம்மா அப்படி எதுவும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. அவள் எழுந்து வெளியே போய்விட்டாள், கற்பகம் கிளம்பும்வரை திரும்பி வரவில்லை.

முருகேசனிடமும் சொன்னாள். ஜீப் உருண்டதைச் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்று ரேணுகாம்பாள் சொன்னாள், கற்பகம் கேட்கவில்லை. கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “ரெண்டும் வாணான்னுதான சொன்னீங்க. எனக்குப் புரியல” என்றாள். அவர் ரொம்ப நேரம் அவள் முகத்தையே பார்த்தார். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபமா, துக்கமா, அவளுக்குத் தெரியவில்லை. கேட்டாலும் தெரிந்துகொள்ள வழியில்லை.

வியாழக்கிழமைதோறும் வேலூரில் பேச்சுப் பயிற்சி. சத்யப்ரியா என்று ஒரு பெண் சொல்லிக்கொடுக்கிறாள். முதல் நாள் படங்களை வரிசையாக வைத்து, தண்ணீர், சோறு, பெயர், இவற்றில் எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டாள்.

“அதெல்லாம் அப்புறம் சொல்லிக்குடும்மா. நானே பாத்து குடுத்துக்கறேன்” என்றாள் கற்பகம். “மொதல்ல வாணான்னு சொல்லக் கத்துக்குடு.”

மூன்று மாதம் ஆகிறது. ‘வா’ என்று உதடு திறக்கிற இடம்வரை வந்திருக்கிறார். அதற்கு மேல் போனால் நாக்கு தானாகப் பழைய சொல்லுக்கே திரும்பிவிடுகிறது. கொஞ்சம் பொறுங்க, சில பேருக்கு வரும், சில பேருக்கு வராமலும் போகும் என்கிறாள் சத்யப்ரியா. பட்டறைக்கு வருகிற எஞ்சின்களை, அவர் உடம்பு தேறட்டும் என்று சொல்லிக் கற்பகம் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.