வெல்டாவின் ஆளுநர் தேர்தல்

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், எங்கள் கிழக்குப் பக்கம் மாடுகள் அதிகம், ஓட்டுகள் குறைவு. மேற்கே போர்ட்லண்ட் பெருநகரத்துக்காரர்கள் யாரைத் தேர்ந்தெடுக்கிறார்களோ அவர்தான் எப்போதும் ஆளுநர். வந்ததும் எங்கள் மர ஆலைக்கும் துப்பாக்கிக்கும் கட்டுப்பாட்டுச் சட்டம் போடுவார். "இந்தத் தடவையும் நம்ம குடியரசுக் கட்சி தோத்தா, பிள்ளைங்களோட நம்ம கட்சி ஆளுற பக்கத்து மாநிலம் ஐடஹோவுக்குப் போயிடுவேன்" என்று எதிர்வீட்டு வெல்டாவிடம் அவள் மகன் ரஸ் சொல்லிவிட்டான். பேரப்பிள்ளைகளை விட மனமில்லாமல் அவள் வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டாள். பிறந்ததிலிருந்தே அந்தக் கட்சிக்காரியான என் கதவையும் விடவில்லை என்றால் பாருங்கள்.

முடிவு வரும் மாலை நானும் வெல்டா வீட்டில்தான் இருந்தேன். தவறவிடுவேனா? ஆப்பிள் கேக் ஆறுவதற்குள் எங்கள் ஆள் தோற்றதாகத் தொலைக்காட்சி சொல்லிவிட்டது.

"நம்ம பக்கத்து ஓட்டை இன்னும் எண்ணலையேடா!" என்றாள் வெல்டா.

"எண்ணிட்டாங்கம்மா. பத்துல எட்டு நமக்குத்தான். நாம மொத்தமே அவ்வளவுதான்."

"நாலு வருஷம் பொறுடா கண்ணு."

ரஸ் என்னைப் பார்த்தான். நான் நகரவில்லை.

"கோடையிலயே அங்க வீடு பேசி முடிச்சாச்சும்மா. ஜெயிச்சிருந்தாலும் போயிருப்போம்."

"அப்புறம் எதுக்குடா என்னை அலைய விட்ட?"

"நீ சந்தோஷமா இருந்தியேம்மா."

வெல்டா கேக்கை வெட்டி, முதல் துண்டை என்னிடம் நீட்டினாள்.

"தின்னுட்டுக் கிளம்புடி. ஊரெல்லாம் போய்ச் சொல்லணும்ல?"