உள்ளேயே நிற்கும் குண்டு

1

இந்தக் கதை என் காதில் விழுந்தது, அவ்வளவுதான். குஹ்மோ என்ற பனிநாட்டுச் சிற்றூரில், துப்பாக்கிக் கடை வரிசையில் ஒரு தோள்வார் வாங்க நின்றிருந்தேன். முன்னால் நின்ற அம்மாள் கேட்டாள்: "மூஸ் மானுக்குள்ள போய் அங்கயே நின்னுடற மாதிரி குண்டு இருக்கா?" கடைக்காரர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. மீதி எல்லாம் நான் கட்டியது. கட்டாமலே இருந்திருக்கலாம்.

அவளுக்கு ஹில்க்கா என்று பெயர் வைத்தேன். ஒரு தம்பியையும் கொடுத்தேன்: காவ்கோ, வேட்டைக் குழுவின் நாய்க்காரன். அவன் நாய் மூஸைத் தேடிப் பிடித்துக் குரைத்து நிறுத்தும், மற்றவர்கள் சுடுவார்கள்.

2

தொடக்கம் ஒன்று: "அக்டோபர் மாதத்துக் காடு அமைதியாக..." (அடித்துவிட்டேன். அமைதியை இங்கே யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள்.)

தொடக்கம் இரண்டு: போன வருஷம் ஹில்க்கா ஒரு மூஸ் மானைச் சுட்டாள். குண்டு மூஸைத் துளைத்து வெளியே வந்து, அதற்கு அந்தப் பக்கம் நின்று குரைத்துக்கொண்டிருந்த ஹல்லாவையும் கொன்றது.

இது நிற்கும். ஹல்லா காவ்கோவின் நாய். மனைவியும் பிள்ளையும் இல்லாத வீட்டில் அவன் வாய்விட்டுப் பேசியது அதோடுதான். ஊசியிலைப் புதருக்குப் பின்னால் அது நின்றது ஹில்க்காவுக்குத் தெரியவில்லை. "தெரியலடா" என்றாள். "பரவால்லக்கா" என்றான். ஒரு வருஷமாக அந்தப் பரவாயில்லையை வைத்துக்கொண்டு அவள் தூங்காமல் கிடக்கிறாள்.

3

கடைக்காரர் வெய்யோ அவளோடு பள்ளியில் படித்தவர். (இதுவும் என் கற்பனை. படித்திருந்தால்தான் இப்படிப் பேச முடியும்.)

"ஏம்மா ஹில்க்கா, போன தடவ ஒன்பது புள்ளி மூணு மில்லி துப்பாக்கில செம்புக் குண்டுதானே போட்ட? அது ரெண்டு மூஸ் வரிசையா நின்னாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும்."

"அதான் வேணாங்கிறேன்."

"அப்ப ஆறரை மில்லித் துப்பாக்கிக்கு மாறு. தோள்பட்டைக்கும் இதம்."

"ஆறரை மெலிசு, நீளம். ஊசி மாதிரி உருவிட்டுப் போயிடும். விக்காத சரக்க என்கிட்டயே தள்ளிவிடப் பாக்குறியா?"

"சரி தாயே. முன்னூத்தியெட்டு ரகத் துப்பாக்கி, மெத்துன்னு ஈயக் குண்டு. பட்டதும் காளான் மாதிரி விரியும். ஆனா தோள் எலும்புல பட்டா நொறுங்கிடும். மூஸ் காயத்தோட சதுப்புக்குள்ள ஓடிடும், அப்புறம் நீ தேடிக்கிட்டே கிட."

"நடுவுல ஒண்ணும் இல்லயா?"

"இருக்கு. ஈயத்த உறையோட ஒட்டவெச்ச கனமான குண்டு, உன் பழைய துப்பாக்கிக்கே. விரியும், நொறுங்காது. பெரும்பாலும் அந்தப் பக்கத்துத் தோலுக்கு அடியில நின்னுடும்."

"பெரும்பாலும்னா?"

"அடியே, குண்டுக்குக் கடிவாளமா போட முடியும்?"

வாங்கிக்கொண்டாள். (கெட்டியான குண்டு நாயைக் கொல்லும், இளகிய குண்டு மூஸை வதைக்கும். நடுவில் இருப்பது "பெரும்பாலும்". அவளுக்கு இதைவிட நல்ல சொல் கிடைக்குமா என்று நானும் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.)

4

வேட்டை நாள் காலை. நெருப்பில் எல்லோரும் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்கள். காவ்கோவின் காலடியில் புது நாய் உஸ்வா. ஹில்க்கா தோட்டாவை நீட்டினாள்.

"இங்க பாருடா. இது உள்ளயே நின்னுடுமாம்." (பெரும்பாலும் என்பதை விழுங்கிவிட்டாள்.)

அவன் விரலில் உருட்டிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தான். "நல்ல குண்டுதான்க்கா. எப்பவும் நிக்கிற இடத்துலயே நில்லு."

அவள் புகை பட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புத்தியுள்ள எழுத்தாளன் இங்கேயே முற்றும் போட்டிருப்பான்.

5

நாயின் கழுத்துப்பட்டையில் உள்ள கருவி எங்கே போகிறதோ அங்கெல்லாம் எல்லோர் கைபேசியிலும் ஒரு புள்ளி நகரும். ஹில்க்கா ஏரிக்கு இக்கரையில் தன் இடத்தில் உட்கார்ந்து, தோட்டாவை ஏற்றி, திரையைப் பார்த்தாள். புள்ளி ஏரிக்கு அக்கரையில் இருந்தது. பார்க்கப் பார்க்க விலகிப் போனது.

வாக்கி-டாக்கியை எடுத்தாள். "காவ்கோ, நாய் அக்கரைக்குப் போயிடுச்சே. வழி தப்பிடுச்சா?"

"இல்லக்கா. அங்கதான் விட்டேன்."

"அப்ப நான்..."

"குளிருதாக்கா? காபி இருக்குல்ல?"

6

புள்ளியை அவள் பக்கம் திருப்பிவிடப் பார்த்தேன். ஒரு வரைவில் மூஸ் அவள் எதிரே வந்தது, சுட்டாள், குண்டு தோலடியில் நின்றது, தம்பி ஓடி வந்து (பொய்). இன்னொன்றில் துப்பாக்கியை ஏரியில் எறிந்தாள் (சினிமா). காவ்கோவைக் கத்தவைக்கவும் பார்த்தேன். கத்தினால் ஆறிவிடும் அல்லவா? அவன் கத்தமாட்டேன் என்கிறான். அக்காவை அவன் வெறுக்கவில்லை. அவள் துப்பாக்கிக்கு எதிரே இன்னொரு நாயை அவிழ்த்துவிடப் பயப்படுகிறான். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அக்கரையில் வெடி கேட்டது. வாக்கியில் எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள். அவளும் சொன்னாள். பிறகு அவளை யாரும் கூப்பிடவில்லை. அவள்

இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள். இருட்டப் போகிறது. இப்படி உட்காரவைத்தவன் நான்; என் முகத்தில் விழிக்கமாட்டாள். வாசகரே, நீங்கள் போய் அழைத்து வாருங்கள். முதலில் தோட்டாவை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பிறகு என்ன சொல்வீர்களோ, உங்கள் பாடு.

காவ்கோ அனுப்பினான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம்பிவிடுவாள்.