வியூஃபைண்டரில் மட்டும் வெளிச்சம்

பள்ளிக்கூடத்து டீச்சர் போனில் கத்தியது கூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அறுபது பிள்ளைகள் நிற்கிற குரூப் போட்டோவில் ஒரு முகமும் தெரியாவிட்டால் யார்தான் கத்தமாட்டார்கள்? ஆனால் அவள் பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போது, "நான் சரியாத்தான் எடுத்தேன் டீச்சர். கம்ப்யூட்டர்ல என் சம்சாரம்தான் இருட்டாக்கிட்டா" என்று வீட்டுக்காரர் சொன்னாரே, அதில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று மாதமாக அவர் எடுத்து வந்த படமெல்லாம் கரிச்சட்டி. ஒவ்வொரு முகமாக வெளிச்சமாக்கி, இந்த ஸ்டுடியோவின் மானத்தைக் காப்பாற்றியவள் அவள். போன வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டாள். குரூப் போட்டோவை அவரே பிரிண்டுக்கு அனுப்பினார்.

"நான் அந்தப் படத்தைத் தொடவே இல்லையே! எப்படிங்க வாய் கூசாம சொன்னீங்க?"

"அப்ப கேமராதான் கோளாறு. எனக்கு உள்ள பளிச்சுனு தெரிஞ்சுது."

கேமராவை வெடுக்கென்று பிடுங்கிக் கண்ணில் வைத்தாள். திரை இழுத்துவிட்ட அறை நடுப்பகல் மாதிரி எரிந்தது. மெனுவைத் திறந்து பார்த்தாள். கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டரின் வெளிச்சம் கடைசிக் கோடு வரை ஏற்றப்பட்டிருந்தது. உள்ளே இருப்பது ஒரு குட்டி டிவி. அதை எவ்வளவு ஏற்றினாலும் எடுக்கிற படத்தில் ஒரு பொட்டு வெளிச்சமும் அதிகமாகாது; அதை நம்பி எடுத்தால் படம் இருட்டாகத்தான் வரும். இருபது வருஷம் தொழில் பார்த்தவருக்கு இதுகூடவா தெரியாது?

இந்த டிவியைக் கண்டாலே ஆகாதவர் அவர். "கண்ணாடி வழியா நிஜத்தைப் பாக்கணும். டிவி பாத்துப் படம் எடுக்கிறவன்லாம் ஒரு போட்டோகிராபரா?" என்று ஊரையே கிண்டலடித்தவர், மூன்று மாதத்துக்கு முன் ஒரே நாளில் கட்சி மாறினார். புதுக் கேமரா வாங்கினார்; பழைய கேமரா பீரோவுக்குள் போனது. காலத்துக்கேற்ப மாறிவிட்டார் மனுஷர் என்று அவளும் பெருமைப்பட்டாள். எவ்வளவு பெரிய முட்டாள் அவள்!

பீரோவைத் திறந்து பழைய கேமராவை எடுத்துத் தூசி தட்டி, பேட்டரி மாட்டி அவர் கையில் திணித்தாள்.

"இதுல என்னை எடுங்க."

"இப்ப எதுக்கு?"

"எடுங்கன்னா எடுங்க!"

பத்தடி தள்ளிப் போய் நின்றாள். அவர் கேமராவைத் தூக்கினார். அதில் ஏற்றவும் இறக்கவும் எதுவும் இல்லை. அறை எப்படி இருக்கிறதோ அப்படித்தான் தெரியும். அவள் சின்னப் பிள்ளை மாதிரி நாக்கை முழு நீளத்துக்கு வெளியே நீட்டினாள். இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரிக்காத மனுஷன் இருக்க முடியாது.

அவர் சிரிக்கவில்லை. லென்ஸ் வளையத்தை இப்படியும் அப்படியும் திருகினார்.

"நான் எப்படி நிக்கிறேன்?"

"எப்படி நிப்பே? மூஞ்சிய உம்முனு வச்சுக்கிட்டுத்தான்" என்றபடி கிளிக் செய்தார்.

அவளுக்கு நாக்கை உள்ளே இழுக்கக்கூடத் தோன்றவில்லை. அவர் பின்பக்கத் திரையை மூக்கோடு ஒட்டவைத்துப் பார்த்தார். அதில் அவள் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தாள். கேமராவை மெதுவாக மேஜையில் வைத்தார்.

"சொன்னா நீ தொழிலை விடச் சொல்லுவேன்னு..."

"அதுக்காக என் தலையில கட்டுவீங்களா? கண்ணு போனா போகட்டும், பெண்டாட்டி பேரு கெட்டா கெடட்டும். அப்படித்தானே?" அழுகை வந்ததில் கோபம் இரட்டிப்பானது. "நாளைக்குக் காலைல கண் ஆஸ்பத்திரி. அதுக்கு முன்னாடி, இப்பவே அந்த டீச்சர்கிட்ட பேசுங்க. தப்பு யாருதுன்னு உங்க வாயால சொல்லுங்க."

அவர் போனை எடுத்தார். முகத்துக்கு நேரே பிடித்தார், தள்ளிப் பிடித்தார். பிறகு தலையைக் குனிந்தபடி அவள் பக்கம் நீட்டினார்.

"நம்பரை நீயே போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தாள். கோபம் மட்டும் அப்படியே இருந்தது. அவர் முதல் வார்த்தையைச் சொல்லும் வரை எதிரிலேயே நின்றாள்.