மங்கலாக்கும் சக்கரம்

கதவை இறுக்கிச் சாத்தியும் காரின் கூரை விளக்கு அணையவில்லை. மார்லீன் கதவோரத்துப் பொத்தானை விரலால் அமுக்கிப் பார்த்தாள். விளக்கு அசையாமல் எரிந்தது. நகரத்துப் பட்டறையில் கார் மின்வேலை பார்ப்பவள் அவள். சற்று நேரத்தில் சர்ச்சில் அப்பாவுக்கு இறுதிப் பூசை. மகளோ கறுப்பு உடைக்குமேல் வேலை அங்கியை மாட்டிக்கொண்டு கராஜில் நிற்கிறாள்.

அம்மா ஹெல்மி பிடித்த பிடி அது. "அன்னிக்கு வண்டி ஏன் கிளம்பலைன்னு தெரியாம நான் சர்ச்சுக்கு வரமாட்டேன்," என்று காலையிலேயே சொல்லிவிட்டாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்பா ஆர்விட் பக்கத்து இருக்கையில் சாய்ந்திருக்க, அவள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள். பேட்டரி செத்துக் கிடந்தது. பனியில் ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மார்லீன் வேறு பேட்டரி மாட்டி, மின்சாரம் எங்கே வடிகிறதென்று மீட்டரை வைத்துத் தேடினாள். கதவுப் பொத்தான்கள் சரி. ஒயர்களும் சரி. பிறகுதான் ஸ்டியரிங் ஓரத்துச் சின்னச் சக்கரம் கண்ணில் பட்டது. டேஷ்போர்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரம். இந்தப் பழைய வண்டியில் அதை உச்சிக்குத் தள்ளி ஒரு சொடுக்குத் தாண்டினால், கதவு மூடியிருந்தாலும் கூரை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அது சொடுக்கைத் தாண்டி நின்றது.

அப்பா கண் கூசுகிறதென்று அதைக் கீழேயே வைத்திருப்பார். வெளிச்சம் போதவில்லையென்று ஏற்றுகிறவள் வீட்டில் அம்மா ஒருத்திதான். அப்பா இறந்ததற்கு முந்தின மாலை பாட்டுப் பயிற்சிக்கு வண்டியை எடுத்துப்போனவளும் அவளே. உண்மை தெரிந்தால் அம்மா தாங்கமாட்டாள்.

மார்லீன் சக்கரத்தைக் கீழே இறக்கினாள். விளக்கு மெல்ல மங்கி அணைந்தது. கட்டரை எடுத்து, ஒரு பாவமும் செய்யாத ஒயரை நறுக்கினாள்.

"கண்டுபிடிச்சிட்டியா?" அம்மா வாசலில் நின்றிருந்தாள்.

"எலிம்மா. ஒயரக் கடிச்சு வச்சிருக்கு. ராத்திரியெல்லாம் பேட்டரி வடிஞ்சிருக்கு. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

ஹெல்மி குனிந்து ஒயரின் முனையை விரலால் தடவினாள். செம்பு புதிதாக மின்னியது.

"எலி இவ்வளவு நேராவா கடிக்கும்?"

அம்மாவின் கண் சின்னச் சக்கரத்துக்குப் போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. வீட்டுக்குள்ளிருந்து யாரோ நேரமாகிறதென்று கூப்பிட்டார்கள்.

அம்மா நிமிர்ந்தாள். மகளின் அங்கிப் பொத்தான்களைக் கழற்றி, அங்கியை மடித்து அவள் கையில் கொடுத்தாள்.

"உன் தம்பி கேட்டா எலின்னே சொல்லிடு."

சொல்லிவிட்டு, பனி அள்ளிய பாதையை விட்டு, அள்ளாத பக்கமாகவே இறங்கிச் சர்ச்சை நோக்கி முன்னால் நடந்தாள்.