அம்மாவுக்காக வாங்கிய சிலந்தி

மரியகுழந்தைக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் போனபிறகு, அவள் மகள் கரோலினுக்கு ஒரே கவலைதான். காலையில் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் ஸ்டேஷனில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போனால், அவள் வீடு திரும்ப இருட்டிவிடும். அதுவரைக்கும் அம்மா எதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்? எதிரே காரை பெயர்ந்த சுவர். டிவி போட்டால் கண்ணை மூடிக்கொள்கிறாள். பக்கத்து வீட்டு லவினா மதியம் வந்து கஞ்சி ஊட்டி, துணி மாற்றிவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் சுவர்தான்.

உயிருள்ளது ஏதாவது இருந்தால் தேவலை என்று தோன்றியது. நாயும் பூனையும் ஆகாது; அம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. மீன் தொட்டி வைத்தால், கரண்ட் போகிற நாளில் மீன்கள் செத்து மிதக்கும். அம்மா அதையா பார்க்க வேண்டும்?

ஆபீசுக்குப் பின்தெருவில் ராகேஷ் என்பவர் வளர்ப்புப் பிராணிக் கடை வைத்திருந்தார். ஒரு மத்தியானம் கரோலின் உள்ளே நுழைந்து, படுத்த படுக்கையாய் இருக்கும் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்து முதலில் பின்வாங்கினாள். பிறகு கிட்டே போனாள்.

"பொம்மையா சார்?"

"உயிரோடதான் இருக்கு மேடம். டரான்டுலா, பெரிய சிலந்தி."

பழுப்பு நிறத்தில் ஒன்று மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்தது. "இது தரையில வாழற ஜாதி. குழி தோண்டி உள்ள போச்சுன்னா நாள்கணக்கா முகமே காட்டாது" என்றார் ராகேஷ். அடுத்த பெட்டியில் மஞ்சள் புள்ளிகளோடு மின்னும் நீலம். கரோலின் கை அதன்பக்கம் போனது.

"வேணாம் மேடம். இது கடிச்சா வாரக்கணக்குல தசை பிடிச்சு இழுக்கும். வீட்ல நோயாளி இருக்காங்கன்றீங்க. இதைப் பாருங்க, இதுவும் அந்த நீலம் மாதிரி மரத்துல வாழறதுதான், ஆனா சாது. நல்லா கண்ணாடியில ஏறி நிக்கும்."

பச்சை முதுகு, சிவந்த வயிறு, ஊதா முடி அடர்ந்த கால்கள். நிமிர்த்தி வைத்த ஒரு மரப்பட்டையில் விரிந்து கிடந்தது. படுத்தபடியே பார்க்கலாம், தூரத்திலிருந்தும் நிறம் தெரியும். கரோலின் முடிவு செய்துவிட்டாள்.

"அம்மா பயப்பட மாட்டாங்களா?" ராகேஷ் கேட்டார்.

கரோலினுக்குச் சிரிப்பு வந்தது. "எங்கம்மாவா? எங்க மைன்ஸ் குவார்ட்டர்ஸ்ல தேள் வந்தா கால் செருப்பைக் கழட்டி அடிக்கிற ஆளு சார்."

கட்டிலின் கால்மாட்டில் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்தாள். மரியகுழந்தையின் கண்கள் அங்கே போய் நின்றன. நோய் வந்த நாளிலிருந்து அம்மா எதையும் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. "புடிச்சிருக்காம்மா?" என்றாள் கரோலின். அம்மாவால் ஆமாம், இல்லை என்று தலையசைக்கவும் முடியாது. கண்கள் மட்டும் பெட்டியை விட்டு நகரவில்லை. பிடித்துப்போய்விட்டது என்று கரோலின் ஸ்டூலைக் கட்டிலோடு இன்னும் ஒட்டி வைத்தாள்.

சில வாரம் கழித்து லவினா சொன்னாள். "அக்கா, ஆன்ட்டி பகல்ல கண்ணே மூடறதில்லக்கா. கஞ்சியத் துப்பிடறாங்க. எப்ப வந்தாலும் படுக்க நனஞ்சே கீது."

"அதையே பாத்துனு கீறாங்க இல்ல, அதான் தூக்கம் வரல" என்றாள் கரோலின். டாக்டர் பிரஷர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். அம்மாவுக்கு இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்று கரோலின் பெட்டிக்குமேல் சின்ன விளக்கு ஒன்று மாட்டினாள்.

ஒரு லீவு நாள். கரோலின் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சிலந்தி பட்டையிலிருந்து இறங்கிக் கண்ணாடியில் ஊர்ந்தது. மரியகுழந்தையின் உதடு கோணி நடுங்கியது.

"எ... டு."

சீப்பு கீழே விழுந்தது. "லவினா! ஓடி வாடி! அம்மா பேசறாங்க!" என்று கத்தினாள் கரோலின். "இன்னாம்மா? இன்னொரு தரம் சொல்லு!"

"எடு."

தூக்கிக் கிட்டே காட்டச் சொல்கிறாள் என்றுதான் கரோலின் நினைத்தாள். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பெட்டியைத் தூக்கி, அம்மாவின் நெஞ்சோரம் கட்டில்மேல் வைத்தாள். ஆட்டத்தில் மிரண்ட சிலந்தி, முகத்துக்கு நேராகக் கண்ணாடியில் விறுவிறுவென்று ஏறியது.

மரியகுழந்தை அலறினாள். மூச்சு முட்டிக் கிழிந்துவரும் சத்தம். அசைகிற இடது கை எழும்பிக் கண்ணாடியில் மோதியது, மறுபடி மோதியது. விலகிப் படுக்க உடம்பு ஒத்துழைக்கவில்லை.

லவினா வாசலிலேயே பதறினாள். "அக்கா, பயந்துனு கீறாங்கக்கா! தூரம் கொண்டு போ!"

கரோலின் பெட்டியோடு பின்கட்டுக்கு ஓடினாள். அங்கே துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்துவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையில் தான் கிளம்பியபிறகு இந்த வீட்டில் ஒவ்வொரு பகலும் எப்படிப் போயிருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வரப்போகிறது, வரப்போகிறது என்று, கத்தவும் முடியாமல், ஓடவும் முடியாமல். கண்ணை மூடினால் அது எங்கே இருக்கிறதென்று தெரியாது.

மறுநாள் ராகேஷ் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "அம்மா எப்படி இருக்காங்க?" என்றார். "நல்லாருக்காங்க" என்றாள் கரோலின்.

வீட்டில் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "எனக்குத் தெரியலம்மா, சத்தியமா தெரியல" என்று அழுதாள். மரியகுழந்தை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவள் வேறு எதுவும் பேசவில்லை.

மழைக்காலம் முடியும்வரை மரியகுழந்தை உயிரோடு இருந்தாள். சாயங்காலம் கரோலின் உள்ளே வந்தால், அந்தக் கண்கள் முகத்துக்கு வராது. கைகளுக்குப் போகும், என்ன கொண்டுவந்திருக்கிறாள் என்று பார்க்க. கரோலின் சாப்பாட்டுப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டியபடி உள்ளே வரப் பழகிக்கொண்டாள். கடைசிவரைக்கும் அம்மா கைகளை மட்டும்தான் பார்த்தாள்.